எரிக்காமல், புதைக்காமல் வீட்டுக் குப்பையை என்ன செய்வது?

யாழ்ப்பாணம் கோண்டாவிலில் இரண்டரைப் பரப்பு வளவு, வீட்டில் ஐந்து பேர். கிழமைக்கு ஒருதரம் வரும் குப்பை வண்டிக்கு இரண்டு சாக்கு சேர்ந்துவிடுகிறது. பிரிக்காமல் கட்டியிருந்தால் எடுக்காமல் போய்விடுகிறார்கள். மிச்சத்தை மாமி பின்னேரங்களில் கோடிக்குள் போட்டுக் கொளுத்துகிறார். கூட்டெரு செய்து பார்த்தோம், வளவே நாறியது, கைவிட்டுவிட்டோம். இனி என்ன செய்யலாம்? இதுதான் உங்கள் கேள்வி.

இரண்டு சாக்கை இரண்டு மாதத்துக்குள் அரைச் சாக்காக்கலாம். நான் விவசாயப் போதனாசிரியராக இருந்து ஓய்வு பெற்றவன். பசளையைப் பற்றிக் கதைக்கத் தொடங்கினால் நிறுத்தமாட்டான் என்று வீட்டில் சொல்வார்கள். அந்தப் பகுதி நீண்டால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில், அடுத்த முறை சாக்கைக் கட்டுமுன் முற்றத்தில் ஒரு படங்கை விரித்து உள்ளதைக் கொட்டிப் பாருங்கள். அருவருப்பாகத்தான் இருக்கும், ஒருநாள்தானே. எங்கள் வீட்டில் செய்து பார்த்தபோது தராசில் பாரமாக நின்றது மரக்கறித் தோல், பிழிந்த தேங்காய்ப்பூ, தேயிலைச் சக்கை, மீன் செதில், முற்றத்துச் சருகு. சாக்கை ஊதிப் பெருக்க வைத்தது பால்மா பக்கற், சொப்பிங் பை, பிஸ்கற் உறை, சோடாப் போத்தல். பாரம் குசினியுடையது, பருமன் கடையுடையது. இலங்கை முழுக்க எடுத்துப் பார்த்தாலும் வீட்டுக் குப்பையின் நிறையில் பாதிக்கு மேல் உக்கக்கூடியதுதான்.

இந்த இரண்டும் கலந்த பிறகுதான் அது யாருக்கும் உதவாததாகிறது. தேயிலைத் தண்ணி ஊறிய பேப்பரைப் பழைய சாமான் வாங்குபவர் தொடமாட்டார். சொப்பிங் பைத் துண்டு கிடக்கிற எருவை நான் என் கத்தரிக்குப் போடமாட்டேன். ஆகவே குசினிக்குள் மூடியுள்ள சின்ன வாளி ஒன்று, கதவுக்குப் பின்னால் சாக்கு ஒன்று. வாளிக்குள் உக்குவது, சாக்குக்குள் உலர்ந்தது. பிரித்துக் கட்டிய சாக்கை வண்டிக்காரரும் முகம் சுளிக்காமல் எடுப்பார்.

எங்கள் பக்கத்துத் தோட்டக்காரர் "ஒரு லோட் குப்பை பறிச்சிருக்கு" என்றால் மாட்டெரு வந்து இறங்கியிருக்கிறது என்று அர்த்தம். காசு கொடுத்து வாங்குகிற பொருளுக்குத்தான் இங்கே குப்பை என்று பெயர். பூவரசங்குழையும் கிளுவைக் குழையும் வெட்டித் தறைக்குள் தாழ்ப்பதற்கென்றே வேலியில் மரம் வளர்த்த ஊர் இது. மாடு நின்ற வீட்டில் கழுநீருக்கும் மிச்சச் சோற்றுக்கும் தனி வாளி தேவைப்படவில்லை. இப்போது மாடு போய்விட்டது, வேலி மதிலாகிவிட்டது, அதே சோறு சொப்பிங் பைக்குள் முடிந்து வண்டிக்குப் போகிறது.

சரி, உங்கள் கூட்டெரு ஏன் நாறியது? வந்து பார்க்காமலே சொல்லலாம். ஈரம் கூடிவிட்டது, சருகு போதவில்லை. உக்க வைக்கிற நுண்ணுயிர்களுக்கு நைதரசன் ஒரு பங்கென்றால் காபன் 25 முதல் 30 பங்கு வேண்டும். குசினிக் கழிவில் நைதரசனும் தண்ணீரும் அதிகம், காய்ந்த சருகில் காபன் அதிகம். கையளவில் சொன்னால், ஒரு வாளி குசினிக் கழிவுக்கு இரண்டு மூன்று வாளி சருகு. அழுகிய முட்டை மணம் வந்தால் உள்ளே காற்றில்லை. மூக்கைக் குத்துகிற அமோனியா நெடி வந்தால் பச்சைப் பொருள் கூடிவிட்டது. இரண்டுக்கும் மருந்து சருகைப் போட்டுக் கிளறுவதுதான். உங்கள் மாமி பின்னேரத்தில் கொளுத்துகிறாரே, அதே சருகு.

ஊருக்கெல்லாம் சொல்லிக்கொடுத்த எனக்கும் கூட்டெரு போட்ட முதல் பரலில் புழு நெளிந்தது. திவசம் ஒன்று முடிந்த கையோடு மிஞ்சிய சோறு கறியெல்லாம் ஒரேயடியாகக் கொட்டி மூடியை இறுக்கிவிட்டேன். மூன்றாம் நாள் பக்கத்து வீட்டு அக்கா மதிலுக்கு மேலால் எட்டிப் பார்த்து, "தம்பி, உங்கால என்ன செத்துப்போச்சு?" என்று கேட்டார். அன்றைக்கே முழுவதையும் வெளியே எடுத்து, இரண்டு கடகம் சருகு கலந்து திரும்பப் போட்டேன். நான்கு நாளில் மணம் நின்றது.

பரல் வாங்கித்தான் ஆகவேண்டும் என்றில்லை. நான்கு கதியாலை நட்டுச் சுற்றிவரக் கிடுகு கட்டினால் போதும். நீளம், அகலம், உயரம் மூன்றும் மூன்று அடி. இதைவிடச் சிறிய குவியல் சூட்டைப் பிடித்து வைக்காது. ஒரே தடவையில் நிரப்பிய குவியலின் நடுப்பகுதி 55 முதல் 65 பாகை செல்சியஸ் வரை ஏறும். அலவாங்கை நடுவில் ஐந்து நிமிடம் குத்தி வைத்து இழுத்துத் தொட்டுப் பாருங்கள், பிடிக்க முடியாத சூடு இருந்தால் வேலை நடக்கிறது. நாளுக்கு ஒரு வாளி வீதம் போடுகிற வீட்டுக் குவியல் அவ்வளவு சூடேறாது. அதனால் கெடுதல் இல்லை, மூன்று மாதத்தில் ஆவது ஐந்து மாதத்தில் ஆகும். ஆனால் சூடு போதாத குவியலில் களை விதையும் நோயும் சாகாது. புல்லுப் பூத்திருந்தாலோ தக்காளி வாடல் வந்து செத்திருந்தாலோ அதற்குள் போடவேண்டாம். ஒன்று நிரம்பியதும் பக்கத்தில் இரண்டாவதைத் தொடங்குங்கள். ஒரு வருடத்தில் கிடுகு இற்றுப்போகும், அதையும் பிய்த்து உள்ளே போடலாம்.

கூட்டெருக் கையேடுகள் பெரும்பாலும் வருடம் முழுக்க மழை தூறுகிற இடத்தை மனதில் வைத்து எழுதப்பட்டவை. எங்களுக்கு வருடத்து மழையில் பெரும்பகுதி ஐப்பசி, கார்த்திகை, மார்கழியில் கொட்டித் தீர்ந்துவிடும், மிச்ச மாதங்களில் மண் வெடிக்கும். காய்கிற காலத்தில் குவியல் உலர்ந்து அப்படியே நின்றுவிடும், நாறாது, உக்கவும் செய்யாது. மாமர நிழலில் வையுங்கள், அரிசி கழுவிய தண்ணீரை அதன் மேல் ஊற்றுங்கள். ஒரு பிடி எடுத்துப் பிழிந்தால் விரலிடுக்கில் ஒன்றிரண்டு துளி வரவேண்டும், ஒழுகக்கூடாது. மாரியில் நேர்மாறு. மேலே ஒரு தகரம், அடியில் தென்னம் மட்டையோ பொச்சோ பரப்பித் தரையிலிருந்து சற்று உயர்த்திவிடுங்கள்.

கிடங்கு வெட்டிச் செய்யச் சொல்வோர் இருப்பார்கள். கோண்டாவிலில் வேண்டாம். எங்கள் மண்ணுக்குக் கீழே இருப்பது பொந்தும் வெடிப்புமான சுண்ணாம்புக் கல். மேலே ஊற்றுவது வடிபட நேரமில்லாமல் கிணற்று நீரோடு கலந்துவிடும், மாரியில் நீர்மட்டமும் மேலே வந்துவிடும். வலிகாமத்துக் கிணறுகளில் நைத்திரேற்று அதிகம் என்பது பழைய கதை. உலக சுகாதார நிறுவனம் குடிநீருக்கு வைத்திருக்கும் எல்லை லீற்றருக்கு 50 மில்லிகிராம், தோட்டப் பகுதிக் கிணறுகள் பல அதைத் தாண்டியிருக்கின்றன. யூரியாவும் மலகூடக் குழியும் முதற் காரணம்தான், அதற்காக நாமும் ஒரு பங்கு சேர்க்கவேண்டியதில்லை. குவியலைத் தரைக்கு மேலே, கிணற்றிலிருந்து குறைந்தது 50 அடி தள்ளி வையுங்கள்.

முட்டைக் கோதும் அடுப்புச் சாம்பலும் அள்ளிப் போடச் சொல்லும் காணொளிகளையும் பார்த்திருப்பீர்கள். அது அமில மண்ணுள்ள இடங்களுக்குப் பொருந்தும். சுண்ணாம்புக்கு மேலே குடியிருக்கிற நமக்குச் சாம்பல் ஒரு கைப்பிடிக்கு மேல் தேவையில்லை.

கிளறும்போது சுருண்டு படுத்திருக்கும் தடித்த வெள்ளைப் புழுக்கள் அகப்பட்டால் எடுத்துக் கோழிக்குப் போடுங்கள். தென்னங்குருத்தைத் துளைக்கிற காண்டாமிருக வண்டு எருக் குவியலுக்குள்தான் முட்டையிடும். மாதம் இரண்டு தரம் கிளறினால் அது தப்பாது. கிளறாமல் விட்டால் எரு செய்கிறேன் என்று தென்னையைப் பலி கொடுத்த கதையாகிவிடும்.

மீன் செதில், குடல், எலும்பு குவியலுக்குள் வேண்டாம், நாயும் எலியும் வரும், எலிக்குப் பின்னால் பாம்பு வரும். வாழையடியில் ஒன்றரை அடி ஆழத்தில் தாட்டுவிடுங்கள். சிரட்டை லேசில் உக்காது, அடுப்புக்கு. பனங்கொட்டைக்கு நான் சொல்லவேண்டியதில்லை. பாத்தியில் போட்டுக் கிழங்கெடுத்து, மிஞ்சிய ஊமலையும் எரித்துக் கரியாக்கிய ஊர். சருகு முழுவதும் குவியலுக்குத் தேவைப்படாது, மிச்சத்தைத் தென்னையடியிலும் வாழையடியிலும் பரப்பிவிட்டால் கோடையில் தண்ணீர் ஊற்றுவது குறையும்.

கறுத்து, ஆறி, முதல் மழை மண் மணம் வந்தால் எரு ஆகிவிட்டது. போட்டதில் மூன்றில் ஒரு பங்குதான் மிஞ்சியிருக்கும், ஏமாறவேண்டாம். 2021 மே மாதம் இரசாயனப் பசளை இறக்குமதியை அரசு ஒரேயடியாக நிறுத்தி நவம்பரில் திரும்ப விட்டதே, அந்த ஆறு மாதத்தில் கூட்டெரு என்ற பெயரில் மூட்டை கட்டி வந்ததை நானும் வாங்கினேன். அரித்துப் பார்த்தால் கண்ணாடித் துண்டும் பற்றரியும். அதன்பின் வீட்டில் செய்ததைத் தவிர வேறெதையும் கீரைப் பாத்திக்குப் போடுவதில்லை.

எரிப்பதைப் பற்றி. சருகை மட்டும் எரித்தால் நட்டம் எருவும் பக்கத்து வீட்டாரின் மூச்சும். அதற்குள் ஒரு சொப்பிங் பை, ஒரு பிவிசி குழாய்த் துண்டு விழுந்தால் கதை வேறு. குறைந்த சூட்டில் புகைந்து எரிகிற பிளாஸ்ரிக்கிலிருந்து, முக்கியமாகப் பிவிசியிலிருந்து, டயொக்சின் போன்ற நஞ்சுகள் வரும். புகை கலைந்துவிடும், சாம்பலில் இருப்பது அந்த இடத்து மண்ணிலேயே தங்கும், அதைக் கோழி கொத்தும். பிளாஸ்ரிக்கைத் திறந்த வெளியில் எரிப்பதும் 20 மைக்ரோனும் அதற்குக் குறைவுமான மெல்லிய பொலித்தீனும் றெஜிபோம் சாப்பாட்டுப் பெட்டியும் லஞ்ச் சீற்றும் 2017 செப்டெம்பர் 1 முதல் சட்டப்படி தடை. அந்த வருடம் சித்திரைப் புத்தாண்டு நாளன்று கொழும்புக்குப் பக்கத்தில் மீதொட்டமுல்லைக் குப்பை மலை சரிந்து வீடுகளை மூடியதற்குப் பிறகு வந்த சட்டம். நமக்கு மலை இல்லை, கல்லுண்டாய் வெளி இருக்கிறது. யாழ்ப்பாண மாநகர சபைக் குப்பை வருடக்கணக்காய் அங்கேதான் போய்க் குவிகிறது, கடலுக்குப் பக்கத்துத் தாழ்நிலம், தீப்பிடித்தால் புகை ஆனைக்கோட்டை, நவாலிப் பக்கம் அடிக்கும். நம் வீட்டுச் சாக்கு போகிற இடம் அப்படிப்பட்டதுதான்.

பொலித்தீனைப் புதைப்பவர்களும் உண்டு. ஐந்து வருடம் கழித்து அந்த இடத்தில் வாழை நட அலவாங்கு போட்டால் அதே பால்மா பக்கற் எழுத்து அழியாமல் வெளியே வரும்.

இனிக் கதவுக்குப் பின்னாலுள்ள சாக்கு. பழைய இரும்பு, போத்தல் வாங்க வருபவரையே முதலில் பிடித்துக்கொள்ளுங்கள். இரும்பு, அலுமினியம், செம்பு, மட்டைப் பெட்டி, கொப்பி, பத்திரிகை, கண்ணாடிப் போத்தல் எல்லாவற்றுக்கும் ஆள் உண்டு. பிளாஸ்ரிக்கில் அடியில் முக்கோணத்துக்குள் ஒரு எண் இருக்கும். 1 தண்ணீர், சோடாப் போத்தல். 2 ஷம்பூ, பினைல் போத்தல் போன்ற தடித்தவை. 5 மாகரின் டப்பா, மூடிகள். இந்த மூன்றுக்கும் பெறுமதி இருக்கிறது. 6 றெஜிபோம், யாரும் வாங்கமாட்டார்கள். போத்தலை அலசி, மிதித்துத் தட்டையாக்கிக் கொடுங்கள், இல்லாவிட்டால் அவர் சைக்கிளில் காற்றைத்தான் கட்டிக்கொண்டு போவார். மூடியைத் தனியே கழற்றி வைப்பதும் உதவி. மூடியும் போத்தலும் வெவ்வேறு பிளாஸ்ரிக், தண்ணீரில் போட்டால் மூடித் துண்டு மிதக்கும், போத்தல் துண்டு தாழும். அதை வைத்துத்தான் ஆலைகளிலும் பிரிக்கிறார்கள்.

பால்மா பக்கற்றும் பிஸ்கற் உறையும் மீள்சுழற்சிக்கு உதவாது. பிளாஸ்ரிக்கும் அலுமினியத் தாளும் பல படையாக ஒட்டியவை, இங்கே பிரித்தெடுக்க வழியில்லை. அதனால்தான் மிச்ச விஷயம் கடையில்தான் முடியவேண்டும் என்கிறேன். படலைக்குள் வந்த பிறகு அதற்கு வைத்தியம் இல்லை.

திருநெல்வேலிச் சந்தைக்கு ஒரு காலை போய் நின்று பாருங்கள். கத்தரிக்காய்க்கு ஒரு பை, பச்சை மிளகாய்க்கு ஒரு பை, கறிவேப்பிலை இரண்டு நெட்டுக்கு ஒரு பை, எல்லாவற்றையும் போட இன்னொரு பை. எங்கள் அம்மா ஒரு பனையோலைக் கடகத்தில் அடியில் கிழங்கு, மேலே கத்தரி, அதற்கு மேலே கீரை என்று அடுக்கிக்கொண்டு வருவார், மீனுக்குத் தனியாக உமல். கடகம் தூக்க வெட்கம் என்றால் துணிப்பை. மோட்டார் சைக்கிள் இருக்கைக்கு அடியில் இரண்டு மடித்து வைத்துவிடுங்கள், வீட்டு ஆணியில் தொங்குகிற பையால் பிரயோசனமில்லை. மீனுக்கு மூடியுள்ள டப்பா ஒன்று, அடியில் 5 என்று போட்ட அந்த மாகரின் டப்பாவே போதும். முதல் நாள் மீன்காரர் சிரிப்பார், மூன்றாம் நாள் கேளாமலே அதற்குள் போடுவார். 2025 நவம்பரிலிருந்து கைபிடியுள்ள பொலித்தீன் பைக்குக் கடைகள் காசு வாங்கவேண்டும் என்று விதி வந்ததால் இப்போது யாரும் வினோதமாகப் பார்ப்பதும் குறைவு.

நல்லெண்ணெய்க்குப் போத்தல் கொண்டுபோய் அளந்து வாங்கலாம். பருப்பு, மா, சீனி பலசரக்குக் கடையில் கடதாசிப் பையில் சுற்றித் தரச் சொல்லலாம், சுப்பர் மார்க்கற்றில் அது நடக்காது. மிளகாய்த்தூள் வீட்டில் வறுத்து மில்லில் இடிப்பித்தால் பக்கற் இல்லை, ருசியும் வேறு. இடியப்பத் தட்டைப் பாருங்கள். பிளாஸ்ரிக் ஸ்ரோ, கரண்டி, கோப்பையோடு பிளாஸ்ரிக் இடியப்பத் தட்டையும் 2023 ஒக்டோபர் 1 முதல் தடைசெய்தார்கள். ஈர்க்கில் பின்னிய தட்டை நம் குசினியிலிருந்து எறிந்தது எப்போது என்று யாருக்கும் ஞாபகம் இருக்காது.

மலிவென்று நினைத்து நான் செய்த தவறையும் சொல்கிறேன். ஐந்து கிலோ உருளைக்கிழங்கு விலைக்கழிவில் கிடைத்தது என்று வாங்கி, இரண்டு கிலோ முளைத்து அழுகிக் குவியலுக்குப் போனது. கூட்டெருவுக்கு அது நல்ல தீனிதான். ஆனால் கிலோவுக்கு அவ்வளவு காசு கொடுத்து யாரும் பசளை வாங்குவதில்லை.

கொண்டாட்டங்கள் தனிக் கணக்கு. ஒரு சாமத்திய வீட்டில் அரைப் போத்தல் தண்ணீர் ஆளுக்கொன்று கொடுத்தால் முந்நூறு போத்தல், பாதி குடித்தும் குடியாமலும் கதிரைக்குக் கீழே. குடமும் சில்வர் செம்பும் வாடகைக்குக் கிடைக்கும். வாழையிலைக்கு இங்கே பஞ்சமா? வெளிநாட்டிலிருந்து உறவுகள் பெட்டி பெட்டியாகக் கொண்டுவருவதைப் பற்றி நான் ஒன்றும் சொல்லமாட்டேன், எனக்கும் சொந்தக்காரர் இருக்கிறார்கள்.

தொண்ணூறுகளில் பொருளாதாரத் தடை இருந்தபோது நாங்கள் பனங்களியில் உடுப்புத் தோய்த்தோம், ஜாம் போத்தலில் திரி போட்டு விளக்கெரித்தோம், சைக்கிள் டைனமோவைச் சுற்றி வானொலி கேட்டோம். எறிவதற்கு ஒன்றுமே இருக்கவில்லை. அந்தக் காலம் திரும்பவேண்டும் என்று புத்தியுள்ள யாரும் ஆசைப்படமாட்டார்கள். ஒரு ஜாம் போத்தலை எறியும்போது எங்கள் வயதுக்காரரின் கை ஒருகணம் தயங்குவதற்கு அதுதான் காரணம்.

சிலவற்றுக்கு நல்ல வழி என்னிடம் இல்லை. பம்பஸ், சுகாதாரத் துவாய் சுற்றிக்கட்டி வண்டிக்குத்தான். பற்றரியும் உடைந்த சீஎப்எல் பல்ப்பும் தனியாக, பல்ப்பில் பாதரசம் இருக்கிறது. பழைய ரயர், யோகட் கோப்பை, சிரட்டை எதையும் மாரிக்கு முன் வானம் பார்த்தபடி விடாதீர்கள். நுளம்பு பெருகி டெங்கு வந்தால் பொதுச் சுகாதாரப் பரிசோதகர் வழக்கும் போடுவார்.

கடைசியாக மாமி. டயொக்சின் என்று அவரிடம் தொடங்கவேண்டாம், எனக்கும் அது பலித்ததில்லை. வளவைக் கூட்டிச் சுத்தமாக வைத்திருப்பது அவர் வாழ்நாள் முழுக்கச் செய்த வேலை, எரிப்பது அதன் கடைசிப் படி. எரிக்காதீர்கள் என்றால் கூட்டாதீர்கள் என்றுதான் அவர் காதில் விழும். கூட்டின சருகைப் போட அடுப்படிக்குக் கிட்ட ஒரு கடகத்தை வைத்து, "மாமி, வாளிக்கு மேல போட ரெண்டு பிடி சருகு தாங்கோ" என்று கேட்டு வாங்குங்கள். உங்கள் வளவுக் கறிவேப்பிலை மரம் அநேகமாக இலை வெளுத்து, நரம்பு மட்டும் பச்சையாக நிற்கும். சுண்ணாம்பு மண்ணில் இரும்புச்சத்து வேருக்கு ஏறாததால் கோண்டாவிலில் பாதி வீட்டில் அப்படித்தான். முதல் எரு ஆனதும் இரண்டு வாளியை அந்த மரத்தடியில் போட்டு, ஒன்றும் சொல்லாமல் புதுத் துளிர் வரும்வரை காத்திருங்கள்.